மடிக்கணினி சுடுகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பேட்டரி செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டு, அதிலும் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு நண்பர் தம் மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். அடிமூடியைக் கழற்றினேன். விசிறிக்கும் அதை ஒட்டிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே, சாம்பல் நிறக் கம்பளித் துணியைக் கத்தரித்துச் செருகியதுபோல் தூசி இறுகிக் கிடந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். உதிரவில்லை, விரல் நீளத்துக்கு ஒரே பட்டையாக உரிந்து வந்தது. தகடுகளின் இடைவெளி அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மூடி, நன்றாக ஆறவிட்டு, இயக்கிப் பார்த்தோம். சார்ஜ் ஏறியது. கழற்றி வைத்திருந்த பழைய பேட்டரியைப் போட்டோம். அதுவும் ஏறியது.

சூடாவதும் சார்ஜ் ஏறாததும் தனித்தனிக் கோளாறுகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மடிக்கணினியில் இருப்பது லித்தியம் வகை பேட்டரி. அது பாதுகாப்பாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் வெப்பநிலை பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான். பேட்டரி உறைக்குள்ளேயே ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும் வெப்ப உணரியும் இருக்கின்றன. எல்லை தாண்டியதும் அவை சார்ஜை நிறுத்திவிடும். பேட்டரி தன்னைக் காத்துக்கொள்வதைத்தான் நாம் பழுது என்று படிக்கிறோம். செயலியின் (பிராசசர்) சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கினால், பக்கத்தில் படுத்திருக்கும் பேட்டரிதான் அதைச் சுமக்கிறது. ஆகவே எந்த உதிரிபாகத்தையும் வாங்குவதற்கு முன் சூட்டைக் கவனியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கீழே அறிகுறிகளைத் தலைப்புகளாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கணினிக்குப் பொருந்துவதை நேராகப் போய்ப் படிக்கலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

உடல் உப்பியிருக்கிறது, டச்பேட் மேலெழும்புகிறது

மடிக்கணினியை மூடி, சமதளமான மேசையில் வையுங்கள். நான்கு கால்களும் பதிகின்றனவா, அல்லது ஒரு மூலை ஆடுகிறதா? மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பாருங்கள். அடிமூடி வில்போல் வளைந்திருக்கிறதா? டச்பேடை அழுத்தினால் வழக்கமான 'கிளிக்' வராமல் கல்லை அழுத்துவதுபோல் இருக்கிறதா? ஓரங்களில் முன்பு இல்லாத இடுக்கு தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

உள்ளே இருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாவதால்தான் இந்த உப்பல். நெடுநாள் சூடு, எப்போதும் முழு சார்ஜிலேயே வைத்திருப்பது, தரமற்ற பேட்டரி ஆகியவை இதற்கு வழிவகுக்கும். இது தானாக வடியாது. ஊசியால் குத்தினால் வாயு வெளியேறிவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறை கிழிந்து உள்ளடுக்குகள் ஒன்றையொன்று தொட்டால் அந்த இடத்திலேயே தீப்பிடிக்கும்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். கணினியை அணையுங்கள். எளிதில் தீப்பற்றாத இடத்தில் தனியே வையுங்கள். கழற்றத் தெரிந்தவர் பேட்டரியைக் கழற்றட்டும். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். டச்பேடுக்கு அடியில் உப்பியது திரைக்கும் விசைப்பலகைக்கும் சேர்த்து ஊறுவிளைவிக்கும் என்பதால் நாள் கடத்துவதிலும் இலாபமில்லை.

இந்த எச்சரிக்கை மிகை என்று தோன்றினால் 2006-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆகஸ்டில் டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் உள்ளே இருந்த செல்கள், அதாவது தனித்தனி மின்கலங்கள், சோனி தயாரித்தவை. உற்பத்தியின்போது செல்லுக்குள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள் உட்சுற்றைக் குறுக்காக இணைத்துவிடக்கூடும் என்பதே சிக்கல். தூசி அளவு உலோகமே அப்படிச் செய்யுமென்றால் ஊசி எம்மாத்திரம்.

எரிந்த வாடை, சார்ஜரில் தீப்பொறி, உருகிய பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கும் இதே விதி: பிடுங்குங்கள், அணையுங்கள், மறுபடி செருகிச் சோதிக்காதீர்கள்.

விசிறி ஓயாமல் இரைகிறது, அடிப்பாகத்தில் கைவைக்க முடியவில்லை

இங்கே முதல் கேள்வி, நீங்கள் வேலை செய்யும்போது இரைகிறதா, சும்மா இருக்கும்போதும் இரைகிறதா என்பது. வீடியோ தொகுப்பு, விளையாட்டு, நீண்ட காணொளி அழைப்பு இவற்றின்போது செயலி 80, 90 டிகிரியைத் தொடுவது மடிக்கணினிகளில் சாதாரணம். பெரும்பாலான செயலிகளின் உச்ச எல்லை 100 டிகிரியை ஒட்டி இருக்கும். அதை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினி திடீரென ஆமைபோல் ஊர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் ஒன்றும் செய்யாமல், வெறும் திரை மட்டும் தெரியும்போதும் விசிறி முழு வேகத்தில் ஓடினால் ஏதோ தவறு.

சும்மா இருக்கும்போது இரைந்தால் முதலில் மென்பொருளைப் பாருங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு என்ற தலைப்பின்மேல் சொடுக்கினால் அதிகம் உழைப்பவை மேலே வரும். மேக்கில் இதே வேலையை ஆக்டிவிட்டி மானிட்டர் செய்கிறது. ஒரு நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். பிரவுசரில் மறந்துபோன ஒரு பக்கம், பாதியில் தொங்கிய அச்சுப்பணி, வைரஸ் தடுப்பு மென்பொருளின் முழுச் சோதனை, மேகச் சேமிப்பின் ஒத்திசைவு, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் மேலே நிற்கும். பெரிய இயங்குதளப் புதுப்பிப்பு முடிந்த உடனே கணினி கோப்புகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்கும். அது ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்காமல் ஏதோ ஒரு பெயர் நாள்கணக்கில் உச்சியில் இருந்தால் அதைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும்.

மென்பொருள் அமைதியாக இருந்தும் சூடு குறையவில்லையா? கணினியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகின்றன. மெத்தை, தலையணை, போர்வை, மடி எல்லாம் அந்தத் துளைகளை அடைத்துவிடும். ஒரு சோதனை செய்யுங்கள். கணினியைக் கடினமான மேசையில் வைத்து, பின்புறத்தை மட்டும் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு புத்தகத்தின் மேல் தூக்கி வையுங்கள். கால் மணி நேரத்தில் விசிறி அடங்கினால் உங்கள் சிக்கலுக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து, காற்று வெளிவரும் வாயில் கையை வையுங்கள். இந்த ஒரு சோதனையை நான் எந்தக் கருவியைவிடவும் நம்புகிறேன். விசிறி பலமாக இரைகிறது, ஆனால் வாயில் சன்னமான காற்றுதான் வருகிறது என்றால் தகடுகள் தூசியால் அடைபட்டிருக்கின்றன. காற்று பலமாகவும் சூடாகவும் வந்தால் குளிர்விப்பு தன் கடமையைச் செய்கிறது, சுமைதான் அதிகம். காற்று பலமாக வந்தும் சில்லென்று இருக்கிறது, ஆனால் விசைப்பலகையின் நடுப்பகுதி சுடுகிறது என்றால், செயலியின் சூடு தகடுகளுக்கு வந்து சேரவே இல்லை. அங்கே செயலியின் மேல் சூட்டைக் கடத்தப் பூசும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுசெல்லும் செம்புக்குழாய் பழுதாகியிருக்கலாம்.

தூசியை எடுப்பது கடினமான வேலை அன்று, ஆனால் முறை தவறக்கூடாது. கணினியை முற்றிலும் அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பை மதர்போர்டிலிருந்து, அதாவது முதன்மை மின்சுற்றுப் பலகையிலிருந்து, விலக்குங்கள். திருகுகள் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கழற்றிய இடத்தைப் போலவே ஒரு தாளில் வரைந்து, அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டையானது இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் மேற்பலகையில் புடைப்பு விழும்.

விசிறியின் இதழை ஒரு பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றுக் குப்பியால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் விசிறி தன் இயல்பான வேகத்தைத் தாண்டிச் சுழன்று அச்சு தேயும். விட்டுவிட்டு ஊத வேண்டும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தால் உறைகுளிர்த் திரவம் தெறிக்கும். கம்பளிப் பட்டைபோல் இறுகிய தூசி ஊதினால் போகாது. விசிறியைக் கழற்றி, இடுக்கியாலும் மென்மையான தூரிகையாலும் எடுக்க வேண்டியிருக்கும். வெளியிலிருந்தே ஊதினால் போதும் என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தூசி இடம்தான் மாறும். வீட்டுத் தூசி உறிஞ்சியை உள்ளே நீட்டாதீர்கள். அதன் முனையில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கக்கூடும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது அடுத்த படி. தூசி எடுத்த பிறகும் சூடு குறையவில்லை, கணினிக்கு மூன்று நான்கு வயது ஆகிவிட்டது என்றால் மட்டும் செய்யுங்கள். செயலியின் மேல் அமர்ந்து சூட்டை வாங்கும் ஹீட் சிங்கின் திருகுகளுக்கு அருகில் பெரும்பாலும் எண்கள் பொறித்திருக்கும். அந்த வரிசையில் முறுக்க வேண்டும்; கழற்றும்போது தலைகீழ் வரிசை. பழைய பசையை ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தோய்த்த துணியால் பளபளவென்று துடைத்துவிட்டு, அரிசி மணி அளவுக்குச் சற்றுக் கூடுதலாகப் புதியதை வைத்தால் போதும். இரண்டு எச்சரிக்கைகள். சில சில்லுகளின் மேல் பசைக்குப் பதில் மெத்தென்ற தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்ப முடியாது, அதே தடிமன் உள்ள பேடுதான் வேண்டும். சில உயர்ரக மாடல்களில் பசைக்குப் பதில் வெள்ளிபோல் மின்னும் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி சிந்தினாலும் பலகை போய்விடும். அதைக் கண்டால் மூடிவிடுங்கள், பழகியவர் செய்யட்டும்.

கழற்ற மனமில்லாதவர்களுக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. விண்டோஸின் மேம்பட்ட பவர் அமைப்புகளில் செயலியின் அதிகபட்ச நிலை 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால், பல கணினிகளில், அடிப்படை வேகத்துக்கு மேல் பாயும் டர்போ நிலை நின்றுவிடும். எழுதுவது, படிப்பது, படம் பார்ப்பது இவற்றில் வேறுபாடு தெரியாது; சூடு கணிசமாகக் குறையும். இந்த அமைப்பு கண்ணில் படாத மாடல்களில் பவர் முறையைச் சிக்கன நிலைக்கு மாற்றினாலும் ஓரளவு அதே பலன் கிடைக்கும்.

விசிறிச் சத்தமே இல்லை, ஆனால் சுடுகிறது, திடீரென அணைந்துவிடுகிறது

விசிறி இல்லாமலே வடிவமைத்த மடிக்கணினிகள் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விசிறி இருந்தும் சுழலவில்லை என்றால் இது மேலே சொன்னதைவிட அவசரமானது. இயக்கும் பொத்தானை அழுத்திய முதல் சில நொடிகளில் பல கணினிகள் விசிறியை ஒருமுறை சுழற்றிப் பார்க்கும். காற்று வெளிவரும் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். கரகரவென்று உராயும் ஒலி வந்தால் அச்சு தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டு ஓட்டினால் சில வாரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். விசிறியை மாற்றிவிடுவதே நல்லது. பேட்டரியோடு ஒப்பிட்டால் விசிறி சிறிய செலவுதான். எந்த ஒலியும் இல்லை, அண்மையில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள் என்றால், விசிறியின் மெல்லிய இணைப்பு வயரைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம். நானே ஒருமுறை மறந்திருக்கிறேன்.

பையில் வைத்த கணினியை எடுத்தால் தோசைக்கல்போல் சுடுகிறது

மூடி வைத்ததால் அது உறங்கிவிட்டது என்று நாம் நம்புகிறோம். இன்றைய பல விண்டோஸ் கணினிகளின் உறக்கம் கைப்பேசியின் உறக்கத்தைப் போன்றது: திரை அணைந்திருக்கும், உள்ளே வலைத்தொடர்பும் புதுப்பிப்பும் விழித்திருக்கும். காற்றோட்டமில்லாத பைக்குள் ஏதேனும் ஒரு மென்பொருள் முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்கினால் சூடு போக இடமில்லை. பேட்டரியும் வெறுமையாகியிருக்கும். மூடியை மூடினால் உறங்குவதற்குப் பதில் ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி பவர் அமைப்புகளில் மாற்றிவிடுங்கள். மீண்டும் விழிக்கச் சில நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். பையில் வைக்கும் முன் விசிறி நின்றுவிட்டதா என்று ஒரு நொடி கேட்டுவிட்டு வைப்பது நல்ல பழக்கம்.

சார்ஜரைச் செருகினால் எந்த அசைவும் இல்லை

வரிசையாகச் சுவரிலிருந்து கணினியை நோக்கி வாருங்கள். சுவிட்ச் பெட்டியில் வேறொரு கருவியைச் செருகிப் பார்க்கலாம். சுவரிலிருந்து அடாப்டருக்குப் போகும் வயர் பெரும்பாலும் தனியே கழன்று வரும். அது தளர்ந்திருப்பது மிகச் சாதாரணம், அழுத்திச் செருகுங்கள். அடாப்டரில் விளக்கு இருந்தால் அது முக்கியமான சாட்சி. கணினியில் செருகாதபோது எரிந்து, செருகியதும் அணைந்தால், அடாப்டர் ஏதோ ஒரு குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) கண்டு தன்னை மூடிக்கொள்கிறது. அப்போது கணினியின் உள்ளேதான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். தனியாக இருக்கும்போதே எரியவில்லை என்றால் அடாப்டர் போய்விட்டது.

உருளை முனை கொண்ட பழைய வகை அடாப்டரை மல்டிமீட்டரால் அளக்கலாம். உறையில் 19 அல்லது 19.5 அல்லது 20 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அளவு அதை ஒட்டி வர வேண்டும். யுஎஸ்பி சி வகைச் சார்ஜரை இப்படி அளக்க முடியாது. கணினியும் சார்ஜரும் பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் அது உயர்ந்த வோல்டேஜைத் தரும்.

அடுத்தது செருகும் துளை. ஒரு கணினியில் சார்ஜர் முனையை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் விளக்கு எரிந்தது. உரிமையாளர் மாதக்கணக்கில் அடியில் மடித்த காகிதத்தை முட்டுக்கொடுத்து ஓட்டியிருந்தார். கைவிளக்கை அடித்துத் துளைக்குள் பார்த்தேன். நடு ஊசியைச் சுற்றிய பிளாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் தேன் நிறமாகப் பழுத்திருந்தது. தளர்ந்த இணைப்பில் சிறுசிறு பொறிகள் எழுந்து சூடேற்றிய தடம் அது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் உருகிப்போயிருக்கும். பல மாடல்களில் இந்தத் துளை ஒரு குட்டி வயருடன் தனி உதிரிபாகமாக வரும், மாற்றுவது எளிது. பலகையில் நேரடியாகப் பற்றவைத்த மாடல்களில் பற்றவைக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஆட்டினால் வேலை செய்கிறது என்ற நிலையில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

யுஎஸ்பி சி துளையில் பைகளின் பஞ்சு அடைந்து, முனை முழுதாக உட்காராமல் போவதுண்டு. கணினியை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். உலோக ஊசி வேண்டாம். கணினியில் இரண்டு மூன்று யுஎஸ்பி சி துளைகள் இருந்தால், எல்லாமே சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் பிளக் அல்லது மின்னல் குறி இருக்கும் துளையை முயன்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கணினி கல்லாகக் கிடந்தால், தேங்கிய மின்னூட்டத்தை வடித்துப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுங்கள். இயக்கும் பொத்தானை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி இயக்குங்கள். உயிரோடிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த ஒரு செயலில் எழுந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். பேட்டரி உள்ளேயே பதிந்த சில மாடல்களில் அடிப்புறம் ஊசித்துளை ஒன்று இதற்கென்றே இருக்கும்.

செருகியிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்று காட்டுகிறது

இந்தச் செய்தியைக் கண்டதும் பேட்டரி வாங்க ஓடுபவர்கள் அதிகம். நிதானமாக ஒவ்வொன்றாக விலக்குவோம்.

எந்தச் சதவீதத்தில் நிற்கிறது? 60-இல், 80-இல், அல்லது அதை ஒட்டிய எண்ணில் அசையாமல் நின்றால் அது பழுதே இல்லை. பேட்டரியின் ஆயுளைக் காக்க, தயாரிப்பாளரின் மென்பொருளோ, கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸோ அங்கே வரம்பு போட்டிருக்கிறது. எப்போதும் மேசையிலேயே சார்ஜரோடு வேலை செய்பவர்கள் அந்த வரம்பை அப்படியே விட்டுவிடுவது நல்லது. 95-க்கு மேல் நின்றாலும் கவலை வேண்டாம். சிறு இறக்கங்களுக்கெல்லாம் உடனுக்குடன் சார்ஜ் ஏற்றாமல் இருப்பது இயல்பு.

வேறு எண்ணில் நின்றால், கணினி சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருந்தால் அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு, அணைந்த நிலையிலேயே சார்ஜ் போடுங்கள். இப்போது ஏறினால் உங்கள் எதிரி சூடுதான். மேலே தூசிப் பகுதிக்குப் போங்கள். உறைகுளிரில் கிடந்த கணினியும் இதேபோல் மறுக்கும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள்.

ஆறிய பிறகும் ஏறவில்லை என்றால் அடாப்டரை நினையுங்கள். சில நிறுவனங்களின் அடாப்டர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். நான் இந்தக் கணினிக்கு உரியவன், இத்தனை வாட் தருவேன் என்று அது சொல்லும். அந்த ஊசி வளைந்தாலோ, அதன் வயர் உள்ளே அறுந்தாலோ, கணினி ஓடும், பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் தராது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இயக்கும்போது அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு அறிவிப்பு வந்து போகும். அதைப் படிக்காமல் எண்டர் தட்டிவிடுகிறோம். அதே மாடலுக்கான வேறொரு அடாப்டரைச் சில நிமிடம் இரவல் வாங்கிச் செருகினால் உண்மை தெரிந்துவிடும்.

மென்பொருள் பக்கம் ஒரு வேலை மீதமிருக்கிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் பேட்டரிகள் என்ற பிரிவை விரித்தால் ஏசிபிஐ பேட்டரி என்ற வரி இருக்கும். அதை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் அதைத் தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். பக்கத்திலேயே இருக்கும் ஏசி அடாப்டர் வரியைத் தொட வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் இருந்தால் அதன் குறிப்பைப் படியுங்கள். சார்ஜ் தொடர்பான திருத்தம் என்று இருந்தால் போடலாம். பேட்டரி குறைவாக இருக்கும்போதும், சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்யும்போதும் பயாஸ் புதுப்பிப்பில் கைவைக்காதீர்கள்; பாதியில் மின்சாரம் போனால் கணினியே எழாது.

மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கிய கணினி என்றால் கதை வேறு. செல்லின் வோல்டேஜ் அளவுக்கு மீறிச் சரிந்ததும் பாதுகாப்புச் சுற்று கதவைப் பூட்டியிருக்கும். நல்ல அடாப்டரைச் சில மணி நேரம் செருகி வைத்தால் சொட்டுச் சொட்டாக ஏற்றி எழுப்ப முயலும். எழவில்லை என்றால் அந்த பேட்டரியின் ஆயுள் முடிந்தது. வெளியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து உயிர்ப்பிக்கும் வித்தைகளைக் காணொளிகளில் பார்த்து முயலாதீர்கள். ஆழமாக வற்றிய லித்தியம் செல் பிறகு சார்ஜ் ஏறும்போது உள்ளுக்குள் குறுக்குச் சுற்றாகும் ஆபத்து உண்டு.

சார்ஜரில் இருக்கும்போதே சதவீதம் இறங்குகிறது

வரவைவிடச் செலவு அதிகம், வேறொன்றும் இல்லை. 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசியின் 25 வாட் சார்ஜரைச் செருகினால் இப்படித்தான் ஆகும். அடாப்டரின் உறையில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் இருக்கும். பெருக்கினால் வாட் வரும். யுஎஸ்பி சி என்றால் கேபிளையும் கவனியுங்கள். சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரை, அதாவது 20 வோல்டில் 60 வாட் வரைதான் தாங்கும். 100 வாட் வேண்டுமானால் 5 ஆம்பியருக்கான, உள்ளே அடையாளச் சில்லு கொண்ட கேபிள் வேண்டும். 2021-இல் வந்த புதிய விதிமுறை 240 வாட் வரை அனுமதிக்கிறது, ஆனால் கணினி, சார்ஜர், கேபிள் மூன்றும் அதற்கு ஒப்பியிருக்க வேண்டும். விளையாட்டுக்கென்று வந்த கனத்த மடிக்கணினிகள் உச்சச் சுமையில் தம் சொந்த அடாப்டரோடும் சிறிது பேட்டரியைக் கடன் வாங்குவது உண்டு.

30 சதவீதம் இருக்கும்போதே பொசுக்கென்று அணைகிறது, அல்லது ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை

பேட்டரியைக் குற்றம் சாட்ட வேண்டிய இடம் இதுதான். ஆனாலும் சாட்சியோடு சாட்டுங்கள். விண்டோஸில் கட்டளைத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, பேட்டரிரிப்போர்ட் (batteryreport) என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகி, அது சேமித்த இடத்தையும் காட்டும். பிரவுசரில் திறந்தால் இரண்டு எண்கள் முக்கியம்: வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு. முதல் எண் 50,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 31,000 என்றால் உங்கள் பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸின் பேட்டரிப் பகுதியில் ஆரோக்கிய நிலையும், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் சார்ஜ் சுழற்சி எண்ணிக்கையும் கிடைக்கும். இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. அண்மைக்கால மேக்புக்குகளுக்கு ஆப்பிள் குறிக்கும் வரம்பு 1,000 சுழற்சி.

கொள்ளளவு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தும் திடீரென அணைந்தால், சார்ஜ் சதவீதத்தைக் காட்டும் மானி பொய் சொல்லக்கூடும். ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓரிரு மணி ஆறவிட்டு, தானே அணையும்வரை ஓட்டி, மறுபடி இடைவிடாமல் முழுதாக ஏற்றுங்கள். மானி தன்னைத் திருத்திக்கொள்ளும். இதை மாதாமாதம் செய்யாதீர்கள். முழு வறட்சி லித்தியம் பேட்டரிக்கு உகந்ததன்று. திருத்திய பிறகும் சரிந்தால், பல செல்களில் ஒன்று மட்டும் தளர்ந்திருக்கிறது. மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது பழைய பேட்டரியின் மேல் அச்சிட்ட பாக எண்ணைப் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வகை பேட்டரிகள் வருவதுண்டு. வோல்டேஜ் பொருந்த வேண்டும், இணைப்பின் வடிவமும் பொருந்த வேண்டும். மலிவு என்று பெயர் தெரியாததை வாங்கினால், முதல் பகுதியில் சொன்ன உப்பலுக்குப் பணம் கொடுத்ததாக ஆகும். புதியதைப் போட்டதும் அதே அறிக்கையை மீண்டும் எடுத்து, இரண்டு எண்களும் நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். புதிது என்று விற்றது ஏற்கெனவே தேய்ந்ததாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், திருப்பிக் கொடுக்கவும் நாள் இருக்கும்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக முடிவு செய்தால், கோப்புகளை முதலில் நகலெடுத்துவிட்டு, மூன்று செய்திகளை எழுதி எடுத்துப் போங்கள்: காற்று வாயில் கைவைத்தபோது என்ன உணர்ந்தீர்கள், சார்ஜ் எந்தச் சதவீதத்தில் நின்றது, ஆறிய பிறகு ஏறியதா இல்லையா. பேட்டரி அறிக்கை எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் எதை மாற்றச் சொன்னாலும், இந்த மூன்றில் எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்.